கத்திக்கு முன்னே மாத்திரை

"முதுகெலும்புக் காசநோய்க்கு அறுவைதான் வழி, மாத்திரை வெறும் காலதாமதம்" என்ற வாதத்துக்குச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1970களில் தொடங்கிய அதன் பத்தாண்டு முடிவு 1999இல் வெளியானது. அறுவையோடு 6 மாத மருந்து எடுத்தவர்களில் 90 சதவீதம் பேர் நலம். நடமாடிக்கொண்டே 9 மாதம் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 99 சதவீதம்.

தஞ்சைப் பக்கம் நடவுக்குக் குனிகிறவர்களின் முதுகுவலி தைலத்திலேயே கழிந்து, நோய் முற்றித்தான் வருகிறதே என்பார்கள். நியாயமான கேள்வி, நடக்கவே முடியாதவர்களை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. கால் செயலிழந்தால், கூன் வளர்ந்தால், மருந்துக்கும் சீழ் வற்றாவிட்டால் அறுவைக்குத் தயங்கக் கூடாது. ஆனால் தாமதத்தைத் தீர்ப்பது நேரத்தோடு எடுக்கும் ஸ்கேன்தானே, கத்தியா? அறுவை செய்தாலும் மருந்து தேவை; வெட்டியெடுத்த சதையில் கிருமியின் மருந்து எதிர்ப்பைச் சோதிக்காமல் தையல் போட்டால், மிச்சக் கிருமியை எந்த மாத்திரை கொல்லும்?