'உடனடி' என்னும் சொல்

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்பக அறுவைச் சிகிச்சையை ஏழைகளுக்குக் கட்டணமின்றி அளிக்க முன்வந்தபோது, அழகுக்கு அரசுப் பணமா என்று கேட்டவர்கள் உண்டு. கனத்த மார்பு கழுத்தையும் தோளையும் வருத்தும். உள்ளாடைப் பட்டை தோளில் தடம் பதிக்கும். மார்பின் அடியில் வியர்வை தேங்கிப் புண்ணாகும். இவற்றை 'அழகு' என்ற சொல்லுக்குள் அடைத்தவர் அச்சுமையைச் சுமந்தவராக இருக்க வாய்ப்பில்லை.

2009 இல் மார்பைக் குறைத்துக்கொண்ட டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப், விளையாடாதவராக இருந்திருந்தாலும் அதையே செய்திருப்பேன் என்றார். வலிக்கும் தோற்றத்துக்கும் இடையே அவர் கோடு கிழிக்கவில்லை. (ஏன் கிழிக்க வேண்டும்?)

காப்பீட்டு விதியோ ஒப்பனை அறுவையை விலக்கி, விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்புக்கும் 'உடனடி' உடல்நலக் கேட்டை நீக்கும் சிகிச்சைக்கும் மட்டுமே இடமளிக்கிறது. நஞ்சன்கூட்டுத் தொழிற்பேட்டையில் நாள் முழுதும் நின்று உழைக்கும் பெண்ணின் பத்தாண்டு முதுகுவலி அச்சொல்லுக்குள் அடங்குமா?