சமாளித்தது யார்?

எங்கள் காலனிக்கு இரவு எட்டு மணிக்கு மேல்தான் ஆள் கேட்டு வருவார்கள். "நாளைக்கு நடவு, பன்னிரண்டு ஆளு வேணும்" என்று தெருமுனையிலேயே நின்று சொல்லிவிட்டுப் போவார் மேஸ்திரி. எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த நடவுக்குக் கூப்பிட மாட்டார்கள். இப்போது செல்பேசியில் சொல்கிறார்கள், அவ்வளவுதான் மாற்றம்.

விடிவதற்குள் அம்மா டிராக்டரில் ஏறிவிடுவார். கைக்குழந்தையான தம்பியை அக்கா பார்த்துக்கொள்வாள். நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று பாதி வருடம் பள்ளிக்கு மட்டம். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். நான் பையன்; என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை. இன்று முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். 'வேலையையும் குடும்பத்தையும் சமாளிக்கும் கிராமத்துத் தாய்மார்கள்' என்று கருத்தரங்குகளில் யாராவது பாராட்டிப் பேசினால் எனக்கு எரிச்சல் வருகிறது. எங்கள் வீட்டில் சமாளித்தவள் பதின்மூன்று வயதுச் சிறுமி.

இதை வறுமை என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. நிலம் ஊரில் இருக்கிறது, உழைப்பு சேரியில் இருக்கிறது. அதனால் சேரிப் பெண்ணின் நேரத்தையும் ஊரே குறிக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோது, 1946இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு வாரத்துக்கு 48 மணி நேர வேலை என்று வரம்பு வந்தது. வயலில் குனிந்து நிற்பவளுக்கு அந்தக் கடிகாரம் இன்னும் வந்து சேரவில்லை.

அரசு வேலையாவது வேறு மாதிரி இருந்ததா? நூறு நாள் வேலைச் சட்டம், பணியிடத்தில் ஐந்து குழந்தைகள் இருந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்தச் சொன்னது. விழுப்புரம் மாவட்டத்தில் நான் கள ஆய்வு செய்த இடங்களில் வேப்பமரத்தில் கட்டிய புடவைத் தொட்டிலைத்தான் பார்த்தேன். 2023 ஜனவரி முதல் எல்லாப் பணியிடங்களிலும் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். அளந்து கொடுத்த மண்ணை வெட்டி முடித்த பிறகும், இரண்டாவது படத்துக்காகப் பால்குடிக் குழந்தையின் தாய் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

காலை உணவுத் திட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 2023 ஆகஸ்டில் அது தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது, விடியலில் வேலைக்குப் போகும் பெண்களின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியது உண்மை. ஆனால் பள்ளி திறக்கும்வரை பிள்ளை யாரிடம் இருக்கும்? பள்ளி வயதே வராத குழந்தை? அங்கன்வாடி திறப்பதற்குள் தாய் இரண்டு வரிசை நட்டு முடித்திருப்பார். அது ஊர்த்தெருவில் இருந்துவிட்டால், கொண்டுபோய் விடுவதற்கும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் மூத்த மகள்தான்.

அக்காவின் மகள் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன நடவின்போது இரண்டு நாள் பள்ளிக்குப் போகவில்லை என்று அக்காவே சொன்னாள், தலையைக் குனிந்துகொண்டு.

மே 1 கிராம சபையில் ஒரு தீர்மானம் கேட்கப் போகிறோம்: காலனிக்குள்ளேயே, காலை ஐந்து மணிக்குத் திறக்கும் குழந்தைகள் காப்பகம், அதில் வேலை செய்யும் பெண்களுக்கு முறையான ஊதியம். அக்காவும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு நடவு இல்லாமல் இருக்க வேண்டும்.