அடித்தளம் அசலாக இருக்கட்டும்

புணேயில் உள்ள எங்கள் கிளைக்கு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மாதந்தோறும் வருவார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மராட்டிய மண்ணில் வாழ்ந்துவரும் தமிழர். ஒரு நாள் காலை, கிளை திறந்ததும் கைப்பேசியை நீட்டியபடி என் மேசைக்கு வந்தார். முந்தைய இரவு அவருடைய பற்று அட்டையிலிருந்து வெளிநாட்டு இணையதளம் ஒன்றுக்கு இரண்டு முறையாக 38,000 ரூபாய் சென்றிருந்தது.

“ஓடிபியை யாருக்கும் சொல்லவில்லை சார். எந்த லிங்க்கையும் தொடவில்லை. நீங்கள் சொன்னபடிதானே நடந்துகொள்கிறேன்?” என்றார். குரல் தழுதழுத்தது.

அவர் சொன்னது உண்மை. வெளிநாட்டு இணையதளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்கப்படுவதில்லை. அட்டையின் விவரங்கள் இருந்தாலே போதும். சிங்கப்பூரிலுள்ள மகளைப் பார்க்கச் சென்றபோது வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு அனுமதி அளித்தவர், திரும்பிய பின் அதை நிறுத்த மறந்துவிட்டார். உடனே அட்டையை முடக்கினோம்; முறையீட்டைப் பதிவு செய்தோம். அதன்பின் பேசிக்கொண்டிருக்கையில்தான் அந்தச் செய்தி வெளிவந்தது. மூன்று வாரங்களுக்கு முன் அவருடைய மடிக்கணினி வேகம் குறைந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பும் திரையில் வந்திருக்கிறது. அருகிலுள்ள பழுதுபார்ப்புக் கடையில் கொடுத்தார். 500 ரூபாய்க்கு, ஒரு மணி நேரத்தில் ‘புது விண்டோஸ்’ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

பின்னர் விவரம் அறிந்த ஒருவரிடம் அந்த மடிக்கணினியைக் காட்டச் சொன்னேன். உள்ளே இருந்தது அசல் விண்டோஸ் அன்று. எவரோ மாற்றியமைத்து இணையத்தில் உலவவிட்ட நகல். அதனுடன் வந்த பாதுகாப்பு மென்பொருளும் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அட்டைத் திருட்டுக்கு அதுவே காரணம் என்று என்னால் உறுதி கூற இயலாது. ஆனால் அந்த மூன்று வாரங்களில் அவர் மின்கட்டணம் முதல் ரயில் பயணச்சீட்டு வரை பலவற்றுக்கும் அட்டை விவரங்களைத் தட்டச்சு செய்தது அந்தக் கணினியில்தான். உரிய காலத்தில் முறையிட்டதால் பணம் அவருக்குத் திரும்பக் கிடைத்தது. எனக்குள் எழுந்த கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. கடவுச்சொல்லைக் காக்கச் சொல்கிறோம், ஓடிபியைக் காக்கச் சொல்கிறோம். அவற்றைத் தட்டச்சு செய்யும் கணினியின் அடித்தளம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறையேனும் கேட்டிருக்கிறோமா?

இயங்குதளம் என்பது கணினியின் மற்ற எல்லா மென்பொருள்களுக்கும் அடியில் இருப்பது. விசைப்பலகையில் அழுத்தும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகவே செல்கிறது. அடித்தளத்திலேயே ஒருவன் ஒளிந்திருந்தால், மேலே எத்தனை பூட்டுகள் போட்டும் பயனில்லை. வீட்டின் கதவை மாற்றலாம். அஸ்திவாரத்தில் கலந்த மணலை என்ன செய்வது?

இது வீண் அச்சம் அன்று. 2011ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் புலனாய்வாளர்கள் சீன நகரங்களில் 20 கணினிகளை விலைக்கு வாங்கிச் சோதித்தனர். அவற்றுள் நான்கில், போலி விண்டோஸுடன் தீநிரல்களும் முன்கூட்டியே இடம்பெற்றிருந்தன. பெட்டியைப் பிரிக்கும் முன்பே நோய் உள்ளே இருந்தது. நிடோல் எனப்பட்ட அந்தத் தீநிரல் வலையை முடக்க, 2012இல் அமெரிக்க நீதிமன்றத்தின் ஆணை தேவைப்பட்டது. 2023 ஜூனில் டாக்டர் வெப் என்னும் பாதுகாப்பு நிறுவனம், இணையத்தில் உலவிய சில விண்டோஸ் 10 நகல்களில் ஒரு திருட்டு நிரலைக் கண்டறிந்து வெளியிட்டது. ஒருவர் பணம் அனுப்புவதற்காக மெய்நிகர் நாணய முகவரியை நகலெடுத்து ஒட்டும் கணத்தில், அந்த நிரல் அதை அகற்றித் திருடனின் முகவரியை வைத்துவிடும். சாதாரணச் சோதனையில் எளிதில் சிக்காதபடி, கணினி தொடங்குவதற்கென ஒதுக்கப்பட்ட தனிப் பகுதியைப் பயன்படுத்தி அது செயல்பட்டது.

இத்தகைய நகல்களை ஏன் நாடுகிறோம்? “அசல் வாங்க வசதி இல்லை” என்பதே வழக்கமான விடை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கணினியிலும் நண்பர் கொடுத்த குறுந்தகட்டிலிருந்தே விண்டோஸை நிறுவினேன். அந்த எண்ணத்தில் உள்ள பிழையைப் பின்னரே அறிந்தேன். நிறுவல் கோப்பு வேறு. பயன்படுத்தும் உரிமம் வேறு. கோப்பை மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் எவருக்கும் இலவசமாகவே தருகிறது. விலை உரிமத்துக்கு மட்டுமே. விண்டோஸுடன் விற்கப்படும் மடிக்கணினிகளில் அந்த உரிமத்தின் விலையும் நாம் கொடுத்த தொகைக்குள் அடக்கம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் உரிமம் பெரும்பாலும் அந்த இயந்திரத்துடனேயே பிணைக்கப்பட்டிருக்கும். அதே கணினியில் அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தால், எந்த எண்ணையும் கேட்காமல் அது தானே செயற்படத் தொடங்கும்.

அந்த ஆசிரியரின் மடிக்கணினியும் அசல் விண்டோஸுடன் வாங்கியதுதான். ஏற்கெனவே உரிமை பெற்றிருந்த ஒன்றை அழித்து, அதன் இடத்தில் திருட்டு நகலை வைப்பதற்கு அவர் 500 ரூபாய் கூலி கொடுத்திருக்கிறார். வணிகவியல் படித்த எனக்கு இதைவிட மோசமான வரவு செலவுக் கணக்கு நினைவுக்கு வரவில்லை.

அசலைக் கண்டறியும் வழி

தேடுபொறியில் விண்டோஸ் பதிவிறக்கம் என்று தட்டினால் பற்பல முகவரிகள் வரும். மேலே வருபவற்றுள் சில, விளம்பரம் என்று சிறிய எழுத்தில் குறிக்கப்பட்டவை. முதலில் வந்தது என்பதற்காக எதையும் அழுத்த வேண்டாம். முகவரியைப் படியுங்கள். தளத்தின் பெயர் பகுதியில், டாட் காம் என்பதற்கு உடனே முன்னால் இருக்கும் சொல்லே உரிமையாளரைக் காட்டும். அங்கே மைக்ரோசாஃப்ட் என்று மட்டும் இருந்தால் அது அந்நிறுவனத்தின் தளம். மைக்ரோசாஃப்ட் என்ற பெயருடன் ஒரு சிறுகோடும் வேறு சொற்களும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு எவருடைய தளமோ ஆகும்.

வங்கிகளுக்கும் இதே சிக்கல் இருந்தது. ஏறத்தாழ எங்கள் பெயரையே கொண்ட போலித் தளங்கள் மக்களை ஏமாற்றின. அதனால்தான் பாரத ரிசர்வ் வங்கி, 2025 அக்டோபர் 31க்குள் எல்லா வங்கிகளும் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் எனப் பணித்தது. முகவரியின் வாலைப் பார்த்து வங்கியை அறியும் பழக்கத்தை, மென்பொருளைப் பெறும்போதும் கடைப்பிடிக்கலாம்.

மைக்ரோசாஃப்டின் பதிவிறக்கப் பக்கத்தில் மீடியா கிரியேஷன் டூல் என்னும் சிறு நிரல் கிடைக்கும். குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள காலி பென் டிரைவைச் செருகினால், நிறுவுவதற்கான கோப்புகளை அதுவே இறக்கி அமைத்துத் தரும். ஐஎஸ்ஓ எனப்படும் முழுக் கோப்பாகவும் விண்டோஸ் 11ஐப் பெறலாம். ஆப்பிள் கணினி வைத்திருப்போர் வெளியே தேடவே வேண்டியதில்லை. அதன் ஆப் ஸ்டோரும் கணினிக்குள் உள்ள மீட்பு வசதியும் போதும். எந்த இயங்குதளமானாலும், நிறுவத் தொடங்கும் முன் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு வந்து சேர்ந்த பின் இன்னொரு படி உண்டு. காசோலையில் உள்ள கையொப்பத்தை எங்களிடமுள்ள மாதிரிக் கையொப்பத்துடன் ஒப்பிட்ட பிறகே பணம் தருகிறோம். கோப்புக்கும் அத்தகைய அடையாளம் உண்டு. எஸ்எச்ஏ-256 எனப்படும் அந்த அடையாளம் 64 எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு வரி. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த வரி முற்றிலும் மாறிவிடும். ஐஎஸ்ஓ கோப்புக்கு உரிய வரியைத் தயாரிப்பாளர் தம் பக்கத்தில் வெளியிடுகிறார். விண்டோஸின் பவர்ஷெல் சாளரத்தில் கெட்-ஃபைல்ஹாஷ் என்னும் கட்டளையுடன் கோப்பின் பெயரைக் கொடுத்தால், உங்களிடம் உள்ள கோப்பின் வரி கிடைக்கும். இரண்டும் ஒன்றானால் தொடரலாம். இல்லையேல் கோப்பை அழித்துவிட வேண்டும்.

இந்த ஒப்பீடு எவ்வளவு தேவை என்பதை 2016 பிப்ரவரி 20 காட்டியது. லினக்ஸ் மின்ட் என்னும் புகழ்பெற்ற இலவச இயங்குதளத்தின் சொந்தத் தளத்திலேயே ஊடுருவியோர், பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த கோப்பின்பால் மக்களைத் திருப்பிவிட்டனர். உரிய முகவரிக்குச் சென்றவர்களும் அன்று ஏமாந்தனர். தளத்துக்குள் புகுந்தவன் அங்குள்ள அடையாள வரியையும் மாற்றக்கூடும் அல்லவா? அதனால்தான் லினக்ஸ் வகை இயங்குதளங்கள் பலவும் அந்த வரிகளுக்கே மின்னணுக் கையொப்பம் இட்டு வெளியிடுகின்றன. தளத்தைக் கைப்பற்றியவனாலும் அந்தக் கையொப்பத்தை இட முடியாது. முழுமையான காவல் எதுவும் இல்லை என்பது உண்மை. ஆயினும் முகவரியைப் பார்த்து, அடையாளத்தையும் ஒப்பிட்டவர் ஏமாறும் வாய்ப்பு மிகக் குறைவு.

பழைய கணினி வைத்திருப்போர் என்ன செய்வது?

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் எனச் சில தேவைகள் உண்டு. தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினிகளுக்கு இந்த மாற்றம் இலவசம். நன்றாக இயங்கும் பல பழைய கணினிகளோ சில்லு இல்லாமையால் தகுதி இழக்கின்றன. அத்தகையோரை ‘எதையாவது போட்டுத் தருகிறேன்’ என்னும் குரல் எளிதில் ஈர்த்துவிடுகிறது.

அவர்களுக்கும் நேர்வழி உண்டு. உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் விலையின்றிக் கிடைப்பவை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். நம் நாட்டிலேயே சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளை ஆதரிக்கிறது. சில சிறப்பு மென்பொருள்களுக்கு விண்டோஸே தேவைப்படலாம். எனினும் மின்னஞ்சல் பார்க்கவும் கடிதம் எழுதவும் உலாவியின் வழியே வங்கிக் கணக்கைக் காணவும் இவை தாராளமாகப் போதும்.

பொறுப்பு யாருடையது?

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை ஒரு நெறியை வகுத்தது. வங்கியின் பிழையும் இன்றி வாடிக்கையாளரின் பிழையும் இன்றி நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். அப்படியானால், கடையில் கொடுத்த கணினியில் கடைக்காரர் போட்ட நகல் யாருடைய கவனக்குறைவு? பில்லில் ‘சர்வீஸ் 500 ரூபாய்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த ஆசிரியர் எதைக் கண்டு ஐயப்பட்டிருக்க முடியும்?

சுமை முழுவதையும் வாடிக்கையாளரின் தோளில் ஏற்றுவது நியாயமன்று என்பது என் கருத்து. பழுதுபார்ப்போர், எந்த இயங்குதளத்தை எங்கிருந்து பெற்று நிறுவினோம், உரிமம் எது என்பதைப் பில்லில் எழுதித் தர வேண்டும். நேர்மையாகத் தொழில் செய்வோருக்கு அந்த ஒரு வரி நற்பெயரையே தரும். தயாரிப்பு நிறுவனங்கள் அசல் கோப்புக்கான வழியை இந்திய மொழிகளில், எளிய சொற்களில் விளக்க வேண்டும். 2015இல் சீனாவில் ஆப்பிளின் செயலி உருவாக்கும் மென்பொருளை அதன் தளத்திலிருந்து இறக்கத் தாமதமானதால், நிரலாளர்கள் சிலர் வேறிடத்திலிருந்து எடுத்தனர். அதில் கலந்திருந்த தீநிரல் அவர்கள் உருவாக்கிய செயலிகளுக்குள் புகுந்து, அவற்றைப் பயன்படுத்தியோரின் கைப்பேசிகளையும் எட்டியது. அசலை அடைவது கடினமானால், தொழில் அறிந்தோரும் போலியைத் தேடிப் போவர்.

மூன்றாவதாக, வங்கிகளாகிய நாங்கள். எங்கள் எச்சரிக்கைப் பட்டியலில் ஓடிபிக்கும் கடவுச்சொல்லுக்கும் அடுத்து, ‘உங்கள் கணினியின் இயங்குதளம் தயாரிப்பாளரிடமிருந்து வந்ததா?’ என்னும் கேள்வியும் இடம்பெற வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது எளிது. கணினியைக் கடையில் கொடுக்குமுன் அசல் உரிமம் உண்டா என்று பாருங்கள். இயன்றால் நிறுவல் பென் டிரைவை நீங்களே அமைத்துக் கொடுங்கள். இயலாவிடில், உங்கள் கண்முன் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பு மென்பொருளை நிறுத்தி வைத்தால்தான் நிறுவ முடியும் என்று எவரேனும் கூறினால், அந்தக் கணினியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வந்துவிடுங்கள். ஐயத்துக்குரிய கணினியில் ஏற்கெனவே வங்கிப் பணி செய்திருந்தால், வேறொரு நம்பகமான கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் தயங்காமல் வங்கிக்கும் 1930 என்னும் உதவி எண்ணுக்கும் உடனே தெரிவியுங்கள்.

அந்த ஆசிரியர் சென்ற மாதம் வந்திருந்தார். தம் மகளின் துணையுடன், தொலைபேசி வழியே ஒவ்வொரு படியாகக் கேட்டுக் கேட்டு, தாமே அசல் விண்டோஸை நிறுவிவிட்டதாகக் கூறினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆயிற்றாம். “அந்த 64 எழுத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன் சார், விடைத்தாள் திருத்துவது மாதிரி” என்றார்.