மஞ்சள் கல்லில் நிறுத்தாதீர்கள்

நடக்கச் சிரமப்படும் பெற்றோருக்கு மின்ஸ்கூட்டர் வாங்கித் தரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது: நிறுத்தப் பழக்கினீர்களா? மோட்டார் சைக்கிள் ஓட்டிய கை, பதறினால் பிரேக்கை இறுக்கும். இந்த வண்டிகளில் பெரும்பாலும் விசையை விட்டால்தான் நிற்கும், இறுக்கினால் ஓடும். ஆளில்லாத இடத்தில் பழகட்டும். சரிவில் நேராக ஏறட்டும். குறுக்கே ஏறினால் கவிழலாம். ஏறி இறங்கும்போது சாவியை அணைத்திருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் இன்னொன்றும் உண்டு. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் அது. நடைபாதையின் மஞ்சள் கற்களில் நீளக் கோடு என்றால் நடக்கலாம்; புள்ளி என்றால் கவனம். கைத்தடியோடு வருபவருக்கு அதுதான் வழிகாட்டி. அதன்மேல் வண்டி நின்றால் அவர் நேராக வந்து மோதுவார். அப்பாவுக்குக் கால் தந்த வண்டி, இன்னொருவர் பாதையை மறிக்கலாமா? நாலடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.