பாட்டியிடம் போய்ப் பேசியது யார்?

நாரணாபுரத்தில் பொழுது விடியும்போது பட்டாசு ஆலை வேன் வரும். தூக்குவாளியோடு அம்மா ஏறுவார். கொஞ்ச நேரத்தில் காலேஜ் பஸ் வரும். நோட்டுப் புத்தகத்தோடு மகள் ஏறுவாள்.

அந்த மகள் நன்றாக ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் 200 மீட்டரில் முதலாவதாக வருகிறாள். பேப்பரில் பெயரும் வருகிறது. அப்புறம்?

அப்புறம் பெரும்பாலும் ஒன்றுமில்லை!

"பொட்டப் புள்ள ஓடி என்னத்தைக் கண்டுச்சு? வேலைக்குப் போனா சனிக்கிழமை சம்பளத்துல சீட்டுப் பணமாவது கட்டலாம்" என்பார்கள் வீட்டில். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வாரக் கூலியை நம்பி மளிகைக் கடையில் பற்று வைத்திருக்கும் குடும்பம்.

இந்த இடத்தில்தான் ஓர் ஆள் வேண்டும். வாசலில் வந்து நின்று, "அம்மா, புள்ளைய என்னை நம்பி அனுப்புங்க" என்று கேட்கிற ஆள். தடகள கோச்சின் முதல் வேலை மைதானத்தில் இல்லை. இங்கேதான்!

வெறுங்கால் ஓட்டம்

மதுரைப் பக்கம் நடந்ததைப் பாருங்கள். சக்கிமங்கலத்துப் பெண் ரேவதி வீரமணி. சிறு வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் இழந்தவர். கூலி வேலை செய்து வளர்த்தது பாட்டி. ஷூ வாங்க வழியில்லை. வெறுங்காலோடு ஓடினார் ரேவதி.

ஓடியதைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். விசாரித்தவர் ஒருவர். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன்.

பாட்டிக்கு முதலில் இஷ்டமில்லை. கண்ணன் விடவில்லை. பேசிச் சம்மதிக்க வைத்தார். லேடி டோக் கல்லூரியில் இடமும் ஹாஸ்டலும் கிடைக்க வழி செய்தார். 2016-ல் தேசிய ஜூனியர் போட்டி வரைக்கும் வெறுங்கால்தான். அதன் பிறகு ஷூ, நல்ல சாப்பாடு எல்லாவற்றுக்கும் கண்ணனே ஏற்பாடு செய்தார். ரேவதிக்குத் தெற்கு ரயில்வேயில் வேலையும் கிடைத்தது.

2019-ல் பாட்டியாலா தேசிய முகாமுக்குப் போனார். 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்! ஆணும் பெண்ணுமாக நாலு பேர், ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் கலப்புத் தொடர் ஓட்டம். இந்திய அணியில் ஓடிய நாலு பேரில் மூன்று பேர் தமிழ்நாட்டுக்காரர்கள்: ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ். இறுதிச் சுற்றுக்குப் போக முடியவில்லை. போகட்டும்! சக்கிமங்கலம் டோக்கியோ வரை போனதே, அது சாமானியமா?

100, 200 மீட்டர் ஓடியவரை 400 மீட்டருக்கு மாற்றியது பாட்டியாலா முகாம். அந்தப் பெருமை முகாமுக்கு. ஆனால் பாட்டி அன்று "முடியாது" என்று சொல்லி முடித்திருந்தால், பாட்டியாலாவில் மாற்றுவதற்கு ஆளே இருந்திருக்காது!

36 வருஷம்!

கோச்சுகளை நாடு எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதற்குக் கேரளத்து ஓ.எம்.நம்பியார் கதையே போதும். விமானப் படையில் இருந்துவிட்டு வந்தவர். கண்ணூரில் பி.டி.உஷா என்ற ஒல்லிப் பெண்ணைப் பொறுக்கி எடுத்துப் பழக்கினார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில், நூறில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலம் கை நழுவியது. மறுவருஷம் துரோணாச்சாரியார் விருது ஆரம்பமானபோது முதல் பட்டியலிலேயே நம்பியார் பெயர் இருந்தது.

பத்மஸ்ரீ? அது 2021-ல்! அதே வருஷம் ஆகஸ்டில் அவர் காலமாகிவிட்டார்.

உஷாவின் குருவுக்கே 36 வருஷம். இத்தனைக்கும் அவரிடம் சிஷ்யை பல வருஷம் தொடர்ந்து இருந்தார். காலேஜ் கோச்சுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. அவருக்குக் கிடைப்பது மூன்றே வருஷம். முதல் வருஷம் பெண்ணுக்குக் கூச்சம் தெளியும். இரண்டாம் வருஷம் ஓட்டம் பிடிபடும். மூன்றாம் வருஷம் நேரம் குறைய ஆரம்பிக்கும். அதற்குள் டிகிரி முடிந்துவிடும். அப்புறம் ரயில்வேயோ, போலீஸோ, கல்யாணமோ. சில பேருக்கு அதே ஆலை வேன்! கோச் மறுபடியும் முதல் கோட்டில் நிற்பார், புதுப் பிள்ளைகளோடு.

எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்

கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் என்று பெரும்பாலும் ஒருவர்தான். கபடிக்கும் அவர், வாலிபாலுக்கும் அவர். சுதந்திர தின அணிவகுப்புக்கும் அவர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதை மேற்பார்க்கவும் அவர். ஆண்டு விழாவில் கூட்டத்தை அடக்கவும் அவரையே கூப்பிடுவார்கள்! மிச்ச நேரத்தில் குண்டு எறிதல், நீளம் தாண்டுதல், தடை ஓட்டம் எல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். தொடர் ஓட்டத்தில் பேட்டன் மாற்றுவதை மட்டுமே மாதக்கணக்கில் பழக வேண்டும். ஒரு மனுஷன் என்னதான் செய்வார்?

பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று உழைத்துச் செழித்த பூமி இது. சிவகாசியில் ஒரு மகளிர் கல்லூரியின் பெயரிலேயே பட்டாசு இருக்கிறது: ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் கல்லூரி! கல்லூரியே கட்டிக் கொடுக்கிற மனசுள்ள வட்டாரத்தில், ஒவ்வொரு கல்லூரியிலும் தடகளத்துக்கென்று தனியாக ஒரு கோச் வைப்பது பெரிய செலவா? தனித்தனியாக முடியாவிட்டால் இரண்டு கல்லூரி சேர்ந்து ஒருவரை வைக்கலாமே! வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டு விரட்டாமல், பத்து வருஷம் நிலையாக இருக்கிற மாதிரி வைக்க வேண்டும். ஊருக்குள் அவர் முகம் பழகினால்தான் பெண்ணை அனுப்புவார்கள்.

கடைக்காரர்களும் கவனிக்க வேண்டும். போட்டி நடந்தால் ஆளுயரக் கோப்பை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோப்பையைக் கொஞ்சம் சின்னதாக வாங்கலாம். மிச்சக் காசு ஓடுகிற பெண்ணின் முட்டைக்கும் பாலுக்கும் பஸ் சார்ஜுக்கும் ஆகட்டும். அதைக் கோச் கையில் கொடுக்கலாம். வெறும் கையோடு ஒரு பாட்டி முன்னால் போய் நின்று பேச அவருக்கும் சங்கடமாகத்தானே இருக்கும்?

தீபாவளி முடிந்ததும் ஆலைகள் கொஞ்ச நாள் மூடியிருக்கும். வேன் வராது. அம்மா, பாட்டி எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். நாரணாபுரத்துத் தெருவில் கோச் வந்து உட்கார்ந்து பேச அதுதான் தோதான சமயம்.