மலைக்கு வயர் வராதாம்... காற்றுமா வராது?



"மலை மேல ஃபைபர் இழுக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. பாறை இருக்கு, காடு இருக்கு, வனத்துறை அனுமதி இருக்கு, செலவு இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

மலைக்கிராமத்துக்கு இணையம் எப்போ என்று கேட்டால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் இதுதான். சரி, மக்கள் பொறுக்கிறார்கள். அரசு பொறுத்ததா?

2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளங்களில் செல்போன் செயலியில்தான் வருகைப் பதிவு என்று ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ ஏற்ற வேண்டும் என்றது. ரேஷன் கடையில் விரல் ரேகை. கல்வி உதவித்தொகைக்கு ஆன்லைன் விண்ணப்பம். 2020-இல் பள்ளிகள் மூடியபோது பாடமே செல்போனுக்குள் போய்விட்டது. சிக்னல் தேடிப் பாறை மேலும் மரத்து மேலும் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளை நாடே பார்த்தது.

கூலிக்கு சிக்னல் வேணும், அரிசிக்கு சிக்னல் வேணும், படிப்புக்கு சிக்னல் வேணும் என்று சட்டம் போட்டது அரசு. அப்படியானால் அந்த சிக்னலைக் கொண்டு வந்து சேர்ப்பதும் அரசின் கடமைதானே? அதை மட்டும் ஏன் 'பொறுங்க' பட்டியலில் வைக்கிறீர்கள்?

"வழி இல்லையே" என்று சொல்லாதீர்கள். வழி இருக்கிறது. அது நம்ம தேனியிலேயே போட்டுக் காட்டிய வழி.

2000-களின் நடுவில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் இருந்த கண் பரிசோதனை மையங்களை மருத்துவமனையோடு நெடுந்தூர வைஃபை மூலம் இணைத்தார்கள். கிராமத்துப் பாட்டி தன் ஊர் மையத்தில் உட்கார்ந்தபடியே தேனியில் இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் பேசினார். சின்னப் பிரச்சினைக்கெல்லாம் பஸ் ஏற வேண்டியதில்லை, ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை. இதற்கு எந்தச் சாலையையும் தோண்டவில்லை.

இது எப்படி வேலை செய்கிறது? மந்திரம் ஒன்றும் இல்லை. நம் வீட்டு வைஃபை எல்லாப் பக்கமும் சிதறுவதால் அடுத்த தெருவுக்குள் அடங்கிவிடுகிறது. அதே அலையை டிஷ் ஆண்டெனா வைத்து ஒரே திசையில் குவித்தால் பல கிலோமீட்டர் போகும். டார்ச் லைட்டில் வெளிச்சத்தைக் குவிக்கிற மாதிரிதான். இரண்டு முனையும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். அந்தக் கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடமும் வேண்டும். 20 கிலோமீட்டர் இணைப்புக்கு 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையில் நடுவழியில் சுமார் 10 மீட்டர் ஆரத்துக்கு மரமோ பாறையோ குறுக்கே வராமல் இருந்தால் போதும். சமவெளியில் இதற்கு உயரமான டவர் கட்ட வேண்டும், அதுதான் பெரிய செலவு. மலையில்? மலையே டவர்!

இன்னொரு சிக்கலும் இருந்தது. சாதாரண வைஃபை ஒரு தகவலை அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரம்தான் காத்திருக்கும். 20 கிலோமீட்டர் போய்த் திரும்ப, ஒளியின் வேகத்திலேயே சுமார் 133 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் பொறுமை இழந்து, தகவல் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பும். இணைப்பு முடங்கிவிடும். பெர்க்லி குழு மென்பொருளை மாற்றியது: முதலில் நீ பேசு, நான் கேட்கிறேன், பிறகு நான் பேசுறேன், நீ கேளு. முறை வைத்துப் பேசியதும் சிக்கல் தீர்ந்தது. கருவிக்கே பொறுமை சொல்லிக் கொடுக்க முடிந்தது. மக்களுக்கு மட்டும்தான் இத்தனை வருஷமாகப் பொறுமையைப் போதிக்கிறார்கள்.

தேனி மட்டும் இல்லை. 2007-இல் வெனிசுவேலாவில் எர்மான்னோ பியத்ரோசெமோலி என்ற பேராசிரியரின் குழு, இரு உயரமான முனைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பை எட்டிக் காட்டியது. ரோட்டு வழியாகச் சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரத்தைவிட அதிகம்! நேபாளத்தில் மகாபீர் புன் என்ற ஆசிரியர் மரத்தில் ஆண்டெனா கட்டித் தன் நாங்கி கிராமத்துக்கு இணையம் கொண்டு வந்தார். 2007-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஒரு வாத்தியாரால் இமயமலையில் முடிந்தது, ஓர் அரசால் கல்வராயன் மலையில் முடியாதா?

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

"வைஃபை ஃபைபர் மாதிரி வருமா?" வராது. நாமே ஒப்புக்கொள்கிறோம். ஃபைபர்தான் சிறந்தது. 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் என்ற திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை, முழுசா முடியுங்கள் என்கிறோம். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த ஃபைபர், அதே ஊராட்சியின் மலை உச்சிக் குக்கிராமத்துக்குத் தானாக ஏறிவிடாது. அந்தக் கடைசி சில கிலோமீட்டரைத்தான் காற்றில் தாண்டச் சொல்கிறோம். காட்டுக்குள் மைல் கணக்கில் குழி தோண்ட வேண்டியதும் இல்லை.

"சட்டம் இடம் கொடுக்குமா?" கொடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005-லும், 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸை 2018-லும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த ஒன்றிய அரசே திறந்துவிட்டது. குறிப்பிட்ட சக்தி வரம்புக்குள் நின்றால் போதும். பொது வைஃபை கொடுக்கும் சின்னக் கடைக்குக்கூட உரிமமும் கட்டணமும் வேண்டாம் என்று 2020 டிசம்பரில் பிஎம்-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் தந்ததும் அவர்கள்தான்.

"போட்டுட்டுப் போயிடுவீங்க, ரிப்பேர் ஆனா யார் பார்ப்பாங்க?" இதுதான் நியாயமான கேள்வி. தேனி அனுபவமும் இதையேதான் சொன்னது. அங்கே பெரிய தலைவலி ரேடியோ அலை இல்லை, மோசமான மின்சாரம். மின்னழுத்தம் எகிறிக் கருவிகள் கெட்டன. கோளாறு எங்கே என்று பார்க்கத் தெரிந்த ஆள் உள்ளூரில் இருந்தால்தான் இணைப்பு உயிரோடு இருக்கும். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டிவிட்டு அடுத்த மழையில் செத்துப்போகும் திட்டம் நமக்கு வேண்டவே வேண்டாம்.

அதனால் நாம் கேட்பது இவ்வளவுதான்:

▪️ சிக்னல் இல்லாத குக்கிராமங்களின் பட்டியலை மாவட்ட வாரியாக அரசு வெளியிட வேண்டும்.

▪️ ஃபைபர் வந்து நிற்கும் கடைசி ஊராட்சியிலிருந்து ஒவ்வொரு குக்கிராமத்தின் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் சுகாதார நிலையத்துக்கும் கம்பியில்லா இணைப்பு போட வேண்டும்.

▪️ ஒவ்வொரு முனையிலும் சோலார், பேட்டரி, இடிதாங்கி கட்டாயம். இந்த ரேடியோவுக்கு ஒரு எல்.இ.டி. பல்பு அளவு மின்சாரமே போதும்.

▪️ பராமரிப்பு வேலை அந்த மலையிலேயே படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்களுக்கு, பயிற்சியோடும் மாதச் சம்பளத்தோடும் தரப்பட வேண்டும்.

▪️ இணைப்பு ஊராட்சியின் சொத்தாக இருக்க வேண்டும், கான்ட்ராக்டரின் சொத்தாக இல்லை.

▪️ அதுவரை சிக்னல் இல்லை என்ற காரணத்துக்காக ஒருத்தர் கூலியும் ஒருத்தர் அரிசியும் நிற்கக் கூடாது. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பெல்லாம் அப்படித்தானே நடந்தது?

இதில் எதுவும் நிலாவுக்குப் போகிற வேலை இல்லை. இரண்டு டிஷ், இரண்டு ரேடியோ, ஒரு கம்பம், ஒரு சோலார் பலகை, அக்கறையுள்ள நாலு பேர். இருபது வருஷத்துக்கு முன்னாடியே தேனியில் ஓடிய தொழில்நுட்பத்தை இன்னும் "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்வது இயலாமை ஆகாது, அலட்சியம்.

தோழர்களே, உங்கள் ஊரில் சிக்னல் கிடைக்காத இடம் எது? ஊர்ப் பெயரையும் ஊராட்சிப் பெயரையும் கமெண்டில் எழுதுங்கள். பட்டியலை அரசு தரும்வரை காத்திருக்க வேண்டாம். நாமே எழுதுவோம், நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்!

மலையேறி ஓட்டுக் கேட்க வரத் தெரிந்தவர்களுக்கு, மலையேற்றி ஒரு இணைப்புக் கொடுக்கவும் தெரிய வேண்டும்!

#மலைக்கும்_இணையம்
#சிக்னல்_இல்லைன்னா_கூலி_இல்லையா