பின்சீற்றுப் பிள்ளைகள்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் என் மகளுக்கு ஒரு வீட்டுவேலை தந்தார்கள். விடுமுறையில் கண்டதை வரைய வேண்டும். நாங்கள் ஒஸ்லோவிலிருந்து பாரிஸ் வரை காரில் போய்வந்தவர்கள். போக மட்டும் ஏறக்குறைய 1,700 கிலோமீற்றர். ஒன்பது வயதுப் பிள்ளை ஈபில் கோபுரத்தை வரைவாள் என்று பார்த்தால், கார்ச் சீற்றின் பின்புறத்தை வரைந்திருந்தாள். அதற்கு மேலே என் பிடரி.

உணவகத்தில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசு. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு படத்தைத் திரும்பப் பார்த்தேன். பிள்ளை பொய் வரையவில்லை.

எம்மவர் சுற்றுலா எப்படி நடக்கிறது? விடியமுன்பே ரோல்ஸ், கட்லற் பொதிகளுடன் புறப்பாடு. கொப்பன்ஹேகனில் சித்தப்பா வீடு. ஜேர்மனியில் மாமி வீடு, ஹம் காமாட்சி அம்மன் கோயில். பாரிசில் லாச்சப்பல், முருங்கைக்காய். எல்லா வீட்டிலும் அதே சோபா, அதே சாமத்தியவீட்டு அல்பம், "பிள்ளை தமிழ் கதைப்பாவோ?" என்ற அதே கேள்வி. நடுவில் ஐந்து நாடுகள் இருந்தன என்பதைப் பெற்றோல் விலை மட்டுமே சொல்லும்.

சொந்தங்களைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. யுத்தம் சிதறடித்த குடும்பம் வருடத்தில் ஒருமுறையாவது கூடத்தான் வேண்டும். ஆனால் அது பெரியவர்களின் தேவை. அதைப் பிள்ளைக்காகப் போன பயணமென்று கணக்கெழுத வேண்டாம்.

மல்மோவைத் தாண்டியதும் ஒரு பாலம், 2000ஆம் ஆண்டு திறந்தது. கடல்மேல் கிட்டத்தட்ட 8 கிலோமீற்றர் ஓடி, செயற்கைத் தீவொன்றில் இறங்கி, பிறகு கடலுக்கடியில் சுரங்கமாகி டென்மார்க்கில் வெளிவருகிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்தவள் கேட்டாள்: "அப்பா, கரையில கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. றோட்டு எப்பிடிக் கடலுக்குள்ள போகுதெண்டு பாக்கப்போறன்."

"நேரமில்லையம்மா. சித்தப்பா சாப்பாட்டோட பாத்துக்கொண்டிருப்பார்."

பொய். நேரம் இருந்தது. எனக்கு நிற்கத் தெரியாது.

1995 ஒக்டோபர் 30. எனக்கு ஏழு வயது. வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில், மழைக்குள், இருட்டுக்குள், தென்மராட்சியை நோக்கி நகர்ந்தது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே மணித்தியாலக் கணக்கானது. பாலத்தின் கீழே தண்ணீரைப் பார்க்க எட்டினேன். "நில்லாதை, நட" என்று அப்பா கையைப் பிடித்து இழுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து பத்து மைலில் இருந்த சாவகச்சேரி அன்று எனக்கு அந்நிய தேசம். வழியில் என்ன கண்டாய் என்று யாரும் கேட்டிருந்தால் அப்பாவின் நனைந்த சேர்ட்டைத்தான் வரைந்திருப்பேன். அவர் சொன்னது சரி. அன்று நிற்க முடியாது. பிறகு பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு இங்கே வந்து சேரும்வரை நானும் எங்கும் நிற்கவில்லை.

ஆனால் என் மகளை யார் துரத்துகிறார்கள்? எல்லையில் பொலிஸைக் கண்டதும் நான் குரலைத் தாழ்த்தி, சட்டைப்பையில் பயணப் பத்திரத்தைத் தொட்டுப் பார்க்கிறேன். உடனே பின்சீற்றும் மௌனமாகிவிடுகிறது. நோர்வேயில் பிறந்த பிள்ளைக்கு இந்தப் பயத்தைக் கொடுத்தது நோர்வே அல்ல.

காசில்லை என்பீர்கள். இந்த நாட்டில் 1957ஆம் ஆண்டுச் சட்டமொன்று இருக்கிறது. பயிர்ச்செய்கை இல்லாத காட்டிலும் மலையிலும் எவரும் நடக்கலாம். யாருடைய காணியென்று கேட்கத் தேவையில்லை. குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரமடித்து இரண்டு இரவு தங்கலாம். பிரசாவுரிமை உள்ளவருக்கு மட்டும் என்று அதில் இல்லை. உயர்பாதுகாப்பு வலயமென்று சொந்தக் காணிக்குள்ளேயே கால்வைக்க விடாமல் தடுக்கப்பட்ட எமக்கல்லவா இது முதலில் இனித்திருக்க வேண்டும்? நாங்களோ "காட்டுக்குள்ள படுக்க எங்களுக்கென்ன விசரே?" என்று சிரிக்கிறோம்.

சொங்ஸ்வான் ஏரிக்குச் சுரங்க ரயில் போகிறது. ஹொவெடோயாத் தீவுக்குச் சாதாரண நகரப் பயணச்சீட்டிலேயே படகு போகிறது. அங்கே 1147இல் துறவிகள் நிறுவிய மடாலயத்தின் இடிபாடுகள் உள்ளன. பதினைந்து வருடம் ஒஸ்லோவில் இருந்தும் நான் போனதில்லை. போன ஞாயிறுதான் அவளைக் கூட்டிப்போனேன். இடிந்த சுவரில் குந்தியிருந்து எறும்பு பார்த்தாள். அரைமணித்தியாலத்தில் நான் நாலுதரம் மணி பார்த்தேன். "எங்கயும் போகவேணுமோ அப்பா?" என்று கேட்டாள்.

சொந்தபந்தத்தை மறந்தவன், வெள்ளைக்காரனாக மாறப்பார்க்கிறவன் என்று எனக்குப் பதில் எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதலாம். அதற்கு முன் உங்கள் பின்சீற்றில் இருந்து வந்த பிள்ளையிடம், போன கோடையில் என்ன கண்டாய் என்று ஒருதரம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.